விரிசல் கண்ட மூன்றாம் நாள்

பாகான் டாலாம்
12.2.1989

சற்குணம் டாக்டரம்மாவுக்கு,

கொம்தார் கட்டடத்தின் உச்சியில் தீப்பிடித்து எரிந்ததே, அந்த வருஷம். பாலத்துக்குக் கடலில் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தைப்பூசத் தேர் தண்ணீர்மலைக்குப் போன மாதத்தில் அந்தத் தீ. அடுத்த மாதம், மாசி மகத்துக்கு மறுநாள், எனக்கு வேலை போனது. ஆண்டு எண் எனக்குத் தெரியாது. ஆசியா பீவி கணக்குப் பார்த்து 1983 என்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் இவள்தான். பக்கத்து வீட்டில் தைக்கிறவள். ஒரு சொல்லும் மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

நான் பிச்சைமுத்து. ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்துச் செடி ஆராய்ச்சி நிலையத்தில் பதினோரு வருஷம் உங்களுக்குக் காட்டுக் கெலாடிச் சேம்பு வளர்த்துக் கொடுத்தவன். மறந்திருந்தால் இப்போது ஞாபகம் வந்திருக்கும்.

போன வாரம் அந்த நிலையத்துக்குப் போனேன். மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வாசல் காவலுக்கு ஆள் கேட்டார்கள். பழைய இடத்தில் ஒழுங்காக வேலை செய்தேன் என்று ஒரு கடிதம் வேண்டுமாம். ஆபீசில் இப்போது ருக்குமணி இருக்கிறாள், நம் டிரைவர் மகள். என் பைலை எடுத்தாள். திறந்தாள்.

“மாமா, இதுல ஒண்ணு போட்டிருக்கு. படிக்கவா, வேணாமா?”

“படிலா. எனக்கென்ன பயம்.”

“பெனிப்புன்னு போட்டிருக்கு, மாமா.”

பெனிப்பு. மலாயில் ஏமாற்றுக்காரன். பூவின் நாளையும் சூட்டையும் பொய்யாகச் சொன்னவன் என்று அடுத்த வரியில் இருக்கிறதாம். கீழே கையெழுத்து உங்களுடையது. என்னை அனுப்பும்போது, “வயசாயிடுச்சு, ஆள் குறைக்கிறோம்” என்றுதானே சொன்னார்கள். ஆறு வருஷமாக நானும் ஊரில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலை வேலை போகட்டும். எனக்கு எழுபத்து நான்கு வயது. செத்த பிறகும் அந்தத் தாளில் அந்தச் சொல்லோடு கிடக்க மாட்டேன். ருக்குமணி பெரிய ஆபீசரைக் கேட்டுச் சொன்னாள்: “யாரு எழுதிக் குடுத்தாங்களோ அவங்களே வந்து இல்லன்னு எழுதிக் குடுத்தா வெட்டிடலாம். வேற வழி இல்ல.”

ஒரு வரி போதும். பிச்சைமுத்து பொய் சொல்லவில்லை என்று எழுதுங்கள்.

சொன்னவன்,
பிச்சைமுத்து


ஈப்போ
27.2.1989

பிச்சைமுத்துவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. அதில் இருந்த தொனி எனக்குப் பிடிக்கவில்லை. எனினும் பதில் எழுதாமல் விட்டால் நீர் அதையும் ஊரெல்லாம் சொல்லித் திரிவீர்.

நீர் இழந்தது ஒரு கூலி வேலை. நான் இழந்தது எதுவென்று உமக்கு விளங்க, முதலில் நாங்கள் அங்கே என்ன செய்தோம் என்பது விளங்க வேண்டும். செடியின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. செடி மூச்சுவிடும் இடம் அதுதான். சர்க்கரையை எரித்து, வளர்வதற்கும் பூப்பதற்கும் வேண்டிய வலுவை அங்கே எடுக்கிறது. இதைப் படிப்படியாக நடத்துபவை நொதியங்கள். வழமையான வழியின் கடைசி நொதியத்தைச் சயனைட்டு நஞ்சு நிறுத்திவிடும்; மூச்சு நின்றுவிடும். ஆனால் செடிகளிடம் இரண்டாவது வழி ஒன்றும் உண்டு. அதன் நொதியம் அந்த நஞ்சுக்கு அடங்காது. அது வலுவைச் சேமிப்பதும் இல்லை. எல்லாவற்றையும் வெப்பமாக விட்டுவிடும். கெலாடிப் பூவின் நடுவில் நிற்கும் கதிர் காலையில் சுடுவது அதனால்தான். அந்த வெப்பத்தில் மணம் பரவிப் பூச்சி வரும்.

அந்த நொதியம் எந்நேரமும் வேலை செய்யாது. செடி உத்தரவிடும் சில மணித்தியாலங்கள் மட்டும். அந்த நேரம் எது என்பதே என் கட்டுரை. நான் ஆய்வுகூடத்தை விட்டு அசைய முடியாதவள். பூவை மூடிய மடலில் விரிசல் விழுவதைப் பார்ப்பது, நாளை எண்ணுவது, வெப்பம் பார்ப்பது, நேரத்துக்கு வெட்டிப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டு வருவது, இவ்வளவும் உம்முடைய வேலை. நீர் சொன்ன நாளை நம்பி அச்சில் போட்டேன். வெளிநாட்டில் ஒருவர் அதே செடியை வளர்த்து, அதே நாளில் வெட்டிப் பார்த்தார். குளிர்ந்து கிடந்ததாம். சயனைட்டு விட்டதும் மூச்சு நின்றதாம். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். இருபது வருட உழைப்பு.

எண்ணை வாசிக்கத் தெரியாத ஒருவர் வெப்பமானியைப் பார்த்து எதைச் சொன்னார் என்று விசாரணையில் கேட்டார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்?

ச. விஸ்வலிங்கம்


பாகான் டாலாம்
9.3.1989

டாக்டரம்மாவுக்கு,

நீர், நீர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசியா பீவி வாசிக்கும்போது, “அண்ணே, இந்தம்மா எதுக்குத் தண்ணி தண்ணின்னு எழுதுறாங்க?” என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தார் வேலைக்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவைத்தேன். நான் உங்களுக்குப் பதினாறு வயது மூத்தவன்.

மைட்டோகாண்ட்ரியா எனக்குப் புதிது இல்லை. நீங்களே சொல்லிக் கொடுத்ததுதான். கண்ணாடி வீட்டு வாசலில், சாம்பல் நிறச் சேலையில், கையில் குடையோடு நின்று சொன்னீர்கள். நானும் அர்ஜுனனும் மண் கலந்துகொண்டிருந்தோம். ஒரு வாசலை நஞ்சு அடைத்துவிட்டால் செடி இன்னொரு வாசலைத் திறந்து மூச்சுவிடும் என்றீர்கள். அர்ஜுனன் சொன்னான்: “நஞ்சு வெச்சாலும் நிக்காதா? அப்ப என் மாமியா மாதிரிலா.” நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் உதவியாள் புஷ்பராணிதான் சிரித்து, அதற்காக உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

எண் தெரியாதவன் என்கிறீர்கள். தெரியாது. தெரியாது என்பது உங்களுக்கு முதல் நாளே தெரியும். அதனால்தான் புஷ்பராணி வெப்பமானிக் கண்ணாடியில் மூன்று நூல் கட்டினாள். வெள்ளை நூல், காற்றின் சூடு. மஞ்சள் நூல், மனிதன் உடம்புச் சூடு. சிவப்பு நூல், அதற்கும் மேலே. பாதரசம் எந்த நூலைத் தாண்டியது என்று நான் சொல்வேன், அவள் புத்தகத்தில் எண்ணாக எழுதுவாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே தடவை, நூல் நழுவி இறங்கியிருந்ததை நானே பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு நீங்கள், “பிச்சைமுத்துவின் கண்ணை நம்பலாம்” என்றீர்கள். அதை ஏன் விசாரணையில் சொல்லவில்லை?

அது மட்டுமில்லை, எனக்கு நூலே வேண்டாம். கதிரில் புறங்கையை வைத்தால் தெரியும். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும். விரிசல் கண்ட மூன்றாம் நாள், வெயில் ஏறும் முன்னால். ஒரு பூவும் தப்பியதில்லை. அப்போதும் மூன்றாம் நாள் என்றேன், இப்போதும் மூன்றாம் நாள் என்கிறேன். பார்க்காத ஒரு நாளை நான் சொன்னதில்லை.

ஒரு வரிதான் கேட்டேன். நீங்கள் பாடம் அனுப்பியிருக்கிறீர்கள்.

பிச்சைமுத்து


ஈப்போ
20.3.1989

பிச்சைமுத்துவுக்கு,

உமது வாயாலேயே மூன்றாம் நாள் என்கிறீர். குறிப்புப் புத்தகத்திலும் அதுதான் இருந்தது. அதைத்தான் நான் ஆங்கிலத்தில் “விரிசல் விழுந்து மூன்று நாள் கழித்து” என்று எழுதினேன். அந்த மனிதர் விரிசலிலிருந்து எழுபத்திரண்டு மணித்தியாலம் எண்ணி வெட்டினார். ஒரு பூ அல்ல, நாற்பது பூ. எல்லாம் குளிர்.

செடி பொய் சொல்லாது. மிச்சம் இருப்பவர் நீர்.

இதற்கு மேல் எனக்கு எழுத வேண்டாம்.

ச. விஸ்வலிங்கம்


பாகான் டாலாம்
2.4.1989

டாக்டரம்மாவுக்கு,

ஆசியா பீவி உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தாள். மூன்றாவது தடவை நான் எழுந்து நின்றுவிட்டேன்.

எழுபத்திரண்டு மணி நேரம் என்று யார் சொன்னது? நான் சொன்னேனா?

திங்கள்கிழமை காலை மடலில் விரிசல். அது ஒன்று. செவ்வாய் இரண்டு. புதன் மூன்று. புதன்கிழமை காலையில் கதிர் சுடும், வெட்டிக் கொண்டுவருவேன். உங்கள் வெளிநாட்டுக்காரர் வியாழக்கிழமை வரைக்கும் காத்திருந்திருக்கிறார். வியாழக்கிழமை அது அழுகத் தொடங்கியிருக்கும். குளிராமல் என்ன செய்யும்?

நான் சொன்னது மூன்றாம் நாள். மூன்று நாள் கழித்து என்று எழுதியது நீங்கள்.

இது கூலிக்காரன் கணக்கு என்பீர்கள். சரி. உங்கள் அம்மா நல்லம்மா இறந்தது எந்தக் கிழமை? எனக்குத் தெரியும். வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை, மத்தியானம் சாப்பாட்டு நேரம். டத்தோ கிராமாட்டில் உங்கள் வீட்டு வாசலில் கூடாரம் போட்டது நானும் அர்ஜுனனும். எட்டுச் செலவு என்று படையல் வைத்தீர்களே, அது எந்தக் கிழமை? அதுவும் வெள்ளிக்கிழமை. வாழை இலை கொண்டுவந்தவன் நான். புகையிலை, சுருட்டு, இளநீர் எல்லாம் உங்கள் கையால் வைத்தீர்கள். செத்த நாளை ஒன்று என்று எண்ணியதால்தானே அடுத்த வெள்ளி எட்டு ஆனது. எட்டு நாள் கழித்து என்றால் சனிக்கிழமை அல்லவா படைத்திருக்க வேண்டும்? வீட்டில் எங்களைப் போல எண்ணுகிறீர்கள். ஆய்வுகூடத்துக்குள் போனதும் வெள்ளைக்காரனைப் போல எண்ணுகிறீர்கள். நடுவில் நான் பெனிப்பு.

இன்னொன்று. விசாரணை அறைக்குள் என்னை விடவில்லை. வெளியே பெஞ்சியில் உட்கார வைத்தார்கள். ஆனால் அந்த அறைக்குக் கண்ணாடிப் பட்டை ஜன்னல், திறந்திருந்தது. அர்ஜுனனைக் கூப்பிட்டு எப்படி நாள் எண்ணுவீர்கள் என்று தலைவர் கேட்டார். அவன் பெருவிரலை மடித்து, “விரிசல் அன்னைக்கு ஒண்ணு, துவான்” என்றான். அடுத்த விரலை மடித்தான். தலைவருக்குப் புரியவில்லை, “சுடா, சுடா” என்று போகச் சொல்லிவிட்டார். போதும் என்று அர்த்தம். ஆனால் நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். அர்ஜுனன் விரலையே பார்த்தீர்கள். பிறகு அந்தப் பேனாவை எடுக்கவே இல்லை.

இத்தனை வருஷம் அதற்கு அர்த்தம் தெரியாமல் இருந்தேன். எதற்காகப் பேனாவை வைத்தீர்கள்?

(அடுத்த வரியை எழுத மாட்டேன் என்கிறாள் ஆசியா பீவி. எழுது என்றேன்.) கூலிக்காரன் பொய்யன் என்று சொன்னால் எந்த அறையிலும் நம்புவார்கள், அது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

பிச்சைமுத்து


ஈப்போ
9.9.1989

பிச்சைமுத்து அவர்களுக்கு,

ஐந்து மாதம் பதில் எழுதவில்லை. எழுத எடுத்த தாள்களைக் கிழித்தேன்.

என் பின்வளவில் கழிவுநீர் ஓடும் கானோரம் காட்டுக் கெலாடி தானாக முளைத்துக் கிடக்கிறது. இதுவரை அதை வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் ஒன்று பூத்தது. ஞாயிறு காலை மடலில் விரிசல். திங்கள் ஒன்றும் இல்லை. செவ்வாய் காலை ஏழு மணிக்குப் போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, காய்ச்சல்காரர் நெற்றி. புதன் காலை ஈரத்துணி போலக் கிடந்தது. இருபது வருடம் அந்த நொதியத்தின் வேகத்தையும் அளவையும் கடைசித் தசமம் வரை அளந்தவள், அது வேலை செய்யும் பூவை அன்றுதான் முதன்முதல் தொட்டேன்.

அம்மாவின் எட்டுச் செலவு வெள்ளிக்கிழமைதான்.

பேனாவைப் பற்றிக் கேட்டீர்கள். ஆம், அர்ச்சுனன் விரலை மடித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் அன்று காலையே என் வாக்குமூலத்தில் கையொப்பமிட்டுத் தலைவர் கையில் கொடுத்திருந்தேன். பிழை தொழிலாளியுடையது என்றால் எனக்குக் கண்டனத்தோடு முடியும். என்னுடையது என்றால் பதவி போகும். மூன்றாம் நாளையும் மூன்று நாளையும் பிரித்தறியாத விஞ்ஞானி என்று வேறு சிரிப்பார்கள். அந்தத் தாளைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் வெளியே பெஞ்சியில் இருந்ததை நான் போகும்போது கண்டேன். எதிர்ப்பக்கமாகப் போனேன்.

நீங்கள் கேட்ட வரியை எழுதிவிட்டேன். ஒரு வரி அல்ல, இரண்டு பக்கம். இங்கே ஒரு வழக்கறிஞரிடம் முத்திரையிட்டு வைத்திருக்கிறேன். என் காலத்துக்குப் பிறகு அது நிலையத்துக்குப் போய்ச் சேரும். இப்போது அனுப்ப என்னால் இயலாது. ஈப்போவில் பாடசாலை ஒன்றை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அதை நடத்தும் சபையில் என்னைத் தலைவியாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் நிற்க வேண்டும்.

இதை உங்களால் விளங்கிக்கொள்ள முடியும் என்று நம்புகிறேன்.

சற்குணம்


பாகான் டாலாம்
24.9.1989

சற்குணத்துக்கு,

டாக்டரம்மா என்று போடட்டுமா என்று ஆசியா பீவி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நீர் போய் நீங்கள் வந்திருக்கிறது. அவர்களுக்கு என்றெல்லாம் போட்டிருக்கிறீர்கள். அதை நான் என்ன செய்ய? பைலில் ஒட்டி வைக்க முடியாது.

உங்கள் காலத்துக்குப் பிறகு போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு எழுபத்து நான்கு. யார் முன்னால் போவது என்று உங்களுக்கு நான் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் நீங்களும் நானும் ஒரே மாதிரிதான் எண்ணுவோம். நான் செத்து, என் மகள் எனக்குப் படைத்து, அதற்கும் எத்தனையோ வருஷம் கழித்து ஒரு தாள் வந்து சேரும். அதுவரை நான் பெனிப்பு. பிறகு நீங்கள் இல்லை, நானும் இல்லை. யாருக்காக அந்த இரண்டு பக்கம்? எனக்காகவா?

பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும் என்கிறீர்கள். நானும் நின்றேன். என் மருமகன் மாக் மண்டினில் எனக்காக அந்தக் காவல் வேலையைப் பேசிவைத்தவன். கடிதம் ஏன் வரவில்லை என்று கேட்டான். ஆபீசில் பைலைக் காணவில்லை என்று சொல்லிவிட்டேன். எழுபத்து நான்கு வயதில் நான் சொன்ன பொய் அது. அதை வேண்டுமானால் எழுதுங்கள், கையெழுத்துக்குப் பதிலாக ரேகை வைத்துத் தருகிறேன்.

விளங்கிக்கொள்ள முடியும் என்று நம்புகிறீர்களாம். விளங்குகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பயந்தீர்கள், ஒரு நாள் பயந்தவரை மன்னித்துவிடலாம். ஆனால் இந்த ஆடி மாதம் உங்கள் கை அந்தக் கதிரின் மேல் இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, எப்போது அனுப்பலாம் என்று யோசித்திருக்கிறீர்கள். இது பயம் இல்லை.

போன திங்கள் மறுபடியும் ஆபீசுக்குப் போனேன். உங்கள் கடிதத்தைக் கொண்டு போனேன். ருக்குமணி வாசித்துவிட்டு அழுதாள். பெரிய ஆபீசர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். உங்கள் கடிதத்தை ருக்குமணி மலாயில் சொல்லிக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டு, இது உங்களுக்குச் சொந்தமாக எழுதிய கடிதம், நிலையத்துக்கு எழுதியது இல்லை, தமிழ்க் கையெழுத்தை நான் எப்படிச் சரிபார்ப்பது என்றார். அந்த அறையில் அன்றைக்கு இருந்தவர்கள் யாராவது வந்து என் முன்னால் சொல்லட்டும், அன்றைக்கே வெட்டிவிடுகிறேன் என்றார். மலாயில் பெரியவரே என்று கூப்பிட்டார்: “பாக் சிக், யார் யார் இருந்தார்கள், பெயர் சொல்லுங்கள், நானே கூப்பிட்டு அனுப்புகிறேன்.”

ஐந்து பேர் என்று சொன்னேன். ஒவ்வொருவராகச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார்.

தலைவர். பாலம் திறந்த வருஷம் இருதயம் நின்று போனார். உடலைப் பார்க்க நானும் போயிருந்தேன், என்னைத் துரத்தியவர் என்று தெரியாமல்.

டைப் அடித்த கிராணி ஹம்சா. ஹஜ்ஜுக்குப் போன இடத்தில், அங்கேயே அடக்கம்.

அர்ஜுனன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சைக்கிளில் வேலைக்குப் போகும்போது லாரி. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள். எந்த மூன்றாம் நாள் என்று உங்களுக்குத் தெரியும்.

புஷ்பராணி. மார்பில் கட்டி. போன வருஷம் படகுத்துறை இடிந்து விழுந்ததே, அதற்கு முந்தின வாரம். நூல் கட்டிய பிள்ளை.

நான்கு பெயர்மேலும் ஆபீசர் கோடு போட்டார். பேனாவைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். ஐந்தாவது ஆள் யார், அவரும் போய்விட்டாரா என்று கேட்டார்.

இல்லை, அவர் உயிரோடு இருக்கிறார் என்றேன். ஈப்போவில் இருக்கிறார், நல்ல சுகத்தோடு இருக்கிறார், பள்ளிக்கூடம் நடத்துகிறார். பெயரை மெதுவாக, அவர் எழுத்துக் கூட்டி எழுதும் வரைக்கும் காத்திருந்து சொன்னேன்.

சற்குணம் விஸ்வலிங்கம்.